இடது பக்கக் கேன்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். பிற்பாடு எவனும் அதை மாற்றிச் சொல்லக் கூடாது.

இன்று காலைப் பூசை முடிந்து சாமியார் உள்ளே போனதும் ஊர்க் கமிட்டித் தலைவன் கொர்னேல் கொரைரா மைக்கைப் பிடித்தான். காகிதத்தைப் பார்த்து வாசித்தான். "மெக்கானிக் தார்சிஸ் மச்சாது தவறான ஆயில் ஊற்றியதால், கடந்த வியாழக்கிழமை செலஸ்டினுடைய படகின் இன்ஜின் கடலில் இறுகி நின்று, மூன்று பேர் பத்தொன்பது மணி நேரம் மிதந்து கிடந்தபடியால், இனிமேல் ஊரார் யாரும் அவரிடம் இன்ஜின் வேலை கொடுக்கக் கூடாதென்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இன்ஜினை ஒருவனும் திறந்து பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் என் மனைவி பெர்பெத்து முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கும் சேர்த்து கொர்னேல் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செலஸ்டின் என் தங்கை மகன். நாலாவது பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். எழுந்து நின்று "எங்க மாமா அப்படிச் செய்ய மாட்டாவ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

இந்த ஊரில் ஆயிலைப் பற்றி எவனுக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் வேலை கொடுக்கக் கூடாதாம்.

நம்பர் ஏற ஏற ஆயில் தடிப்பாகும். பழைய டீசல் இன்ஜினுக்கு நாற்பது ஊற்ற வேண்டும். அதில் பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கும். தடித்த ஆயில்தான் அந்த இடைவெளியில் நின்று தாங்கும். மெல்லிய ஆயிலை ஊற்றினால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. சூடு ஏறியதும் தண்ணீராக இளகிவிடும். பேரிங் காய்ந்து கடித்துக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும். படகின் பின்னால் மாட்டுகிற புது பெட்ரோல் மோட்டாருக்குப் பத்து-முப்பது. அது நெருக்கமாகக் கோத்த சாமான். அதில் கொண்டுபோய் நாற்பதை ஊற்றினால் காலையில் கயிற்றை இழுக்கிறவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்.

இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. கரையில் தூக்கிப்போட்ட ஒரு இன்ஜினைப் பத்தொன்பது வயதில் பிரித்துப் பிரித்துப் பூட்டி நானே கற்றது. ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு இன்ஜின்கூட ஆயிலால் நின்றதில்லை.

செலஸ்டினுடையது டீசல். ஆறு மணி நேரம் ஓடி நின்றிருக்கிறது. குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்திருக்கும். வேறு காரணம் கிடையாது. பார்க்கலாம் என்று கரைக்குப் போனேன். இன்ஜினைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாதா திருநாள் முடிந்ததும் டவுனிலிருந்து மெக்கானிக் வருவானாம். தார்ப்பாயைத் தொடப் போனேன். "கமிட்டி தொடப்பிடாதுன்னு சொல்லிருக்கு பெரியவரே" என்றான் கிழிந்த வலையைப் பொத்துகிற ஒரு பயல். அவன் அப்பனுக்கு முதல் இன்ஜின் பூட்டிக் கொடுத்தவன் நான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

யாரும் வரவில்லை. ஷெட்டைப் பெருக்கினேன். டீ கிளாஸ் பிடித்த கையில் இரண்டு விரலில் கொப்புளம். இப்போது வருகிற கிளாஸ்களில் தரமில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

பெர்பெத்து ஷெட்டுக்கு வந்து என் இரண்டு ஆயில் கேன்களையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கே. எது எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"நாப்பது இடது பக்கம். பத்து-முப்பது வலது பக்கம். எப்பவும் அப்படித்தான்."

"வாங்கிட்டு வந்து வைக்கும்போது?"

"விரல் எதுக்கு இருக்கு?"

அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. புது கேன் வந்தால் முதல் வேலையாக லேபிளை உரித்து அடுப்பில் போட்டுவிடுவேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு கடைக்காரன் பழைய ஆயிலைக் காய்ச்சி வடித்து, நல்ல லேபிள் ஒட்டி, ஊர் முழுக்க விற்றான். லேபிள் படித்தவன் எல்லாம் ஏமாந்தான். நான் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அவன் முகத்துக்கு நேராகக் கேனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து லேபிளை நம்புவதில்லை. கம்பெனிக்காரன் அச்சடித்த காகிதம் பொய் சொல்லும். தேய்த்துப் பார்த்தால் தடிப்பு தெரிந்துவிடும்.

"ஒரு பெயிண்ட் புள்ளியாவது வைங்களேன்" என்றாள்.

"நீ போய்க் கொளம்பப் பாரு" என்றேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

செபமாலை சொல்லும்போது பெர்பெத்து நடுவில் நிறுத்தி, "பத்து முடிஞ்சிட்டு. நீங்க பதினாலு சொல்லிட்டீங்க" என்றாள். நேற்றும் இப்படித்தான் சொன்னாள். மணிகள் சிறிதாகி வருகின்றன. போன வருடம் திருநாள் கடையில் வாங்கிய மலிவுச் சரக்கு. நாலு "அருள் நிறைந்த மரியே" அதிகம் சொன்னதால் மாதா கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஹில்லாரி வந்தான். கமிட்டிக்குப் பயந்து பின்வாசல் வழியாக வந்தான். போன வாரம் பெட்ரோல் மோட்டாருக்கு என்னிடம் ஆயில் மாற்றியவன்.

"காலம்பற ஸ்டார்ட் ஆகமாட்டேங்கு அண்ணே. கயிறு இழுக்க இழுக்க வர மாட்டேங்கு. உள்ள யாரோ பிடிச்சு இழுக்கது போல இருக்கு."

"ஒம் பொண்டாட்டியா இருக்கும்."

"வெளையாடாதிய அண்ணே. தோளு வீங்கிட்டு. இன்னைக்கு பதினேழு இழுப்பு."

"முப்பது வயசுல மோட்டார் கயிறு இழுக்க முடியலன்னா நீ மீன் பிடிக்கப்பிடாதுலே. பூக்கடை வையி."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஸ்பார்க் பிளக்காக இருக்கும்.

அவன் போன பிறகு வெகு நேரம் வேலை ஓடவில்லை. ஸ்பானரைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். துணியில் ரத்தம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் பெருவிரலில் ஒரு இரும்புச் சிம்பு அரை அங்குலத்துக்கு ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

கமிட்டி முகத்தில் கரி பூசுவதற்காக ஒரு சோதனை செய்தேன். பழைய போட்டோ ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிச் செங்கல்லில் சாய்த்து வைத்தேன். இரண்டு கேனிலிருந்தும் ஒரே அளவு சொட்டு, ஒரே நேரத்தில். தடித்த ஆயில் மெதுவாக இறங்கும், மெல்லியது முந்தும். சின்னப் பிள்ளைக்கும் புரியும். இதைக் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டுவதாக இருந்தேன்.

இடது பக்கச் சொட்டு முந்தியது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் செய்தேன். கண்ணாடியைத் திருப்பி வைத்தும் செய்தேன். மொத்தம் ஐந்து தடவை.

நாற்பது முந்தாது.

விரலில் தேய்த்துப் பார்த்தேன். இடது, வலது. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பெர்பெத்துவைக் கூப்பிட்டு அவள் விரலில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு விட்டேன். "இது தண்ணியா இருக்கு, இது வெளக்கெண்ண மாதிரி இருக்கு" என்றாள். அவள் வாழ்நாளில் ஆயிலைத் தொட்டவளில்லை.

"எதுக்குக் கேக்கிய?" என்றாள்.

"சும்மாதான்" என்றேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஊற்றியவை. வலது பக்கக் கேன்: ஹில்லாரி. இடது பக்கக் கேன்: செலஸ்டின், கொர்னேல்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கொர்னேலின் படகு இன்னும் கடலுக்குப் போகவில்லை. நான் ஆயில் மாற்றின மறுநாளே திருநாளுக்காகக் கரையில் ஏற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். அதுவும் பழைய டீசல்தான். புதன்கிழமை விடியற்காலை இறக்கி மூன்று நாள் கடலிலேயே தங்கல் போகிறார்களாம். கரையிலிருந்து எட்டு மணி நேர ஓட்டம். ஆட்கள்: கொர்னேலின் மகன், இரண்டு மருமகன்கள், செலஸ்டின். தன் படகு கிடையில் கிடப்பதால் செலஸ்டின் கூலிக்குப் போகிறான்.

பூசை முடிந்ததும் கொர்னேலிடம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன்.

"வாரும் வே" என்றான், நாலு பேர் கேட்கும்படி. "மன்னிப்புக் கேக்கணும்னா கமிட்டி ரூமுக்கு வாரும். ரோட்டுல வச்சு எடுக்க மாட்டோம்."

"உம்ம மூஞ்சிக்கு எவன் வே மன்னிப்புக் கேப்பான்?"

"அப்ப என்னத்துக்கு வந்தீரு?"

வாய் வரை வந்தது. பின்னால் நின்றவன் எவனோ, "பெருசு ஆயில் விக்க வந்திருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கொர்னேலும் சிரித்தான். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நேற்று தூக்கமில்லை. கொசு. பெர்பெத்து கொசுவே இல்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா விண்ணேற்புத் திருநாள். கடலுக்கு யாரும் போகவில்லை. கொர்னேல் தன் படகில் கொடித்தோரணம் கட்டி வைத்திருந்தான். நீலமும் வெள்ளையுமாகப் புது பெயிண்ட். சாமியார் புனித நீர் தெளித்தார். படகுக்குத் தெளித்தார், வலைக்குத் தெளித்தார், இன்ஜின் பெட்டிக்கும் தெளித்தார். அதற்குள் இருப்பது எனக்குத் தெரியும்.

செலஸ்டின் எதிரே வந்தான். "சாப்பிட்டியளா மாமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கமிட்டிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? தாண்டிப்போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்தப் பத்தொன்பது மணி நேரத்தில் உரிந்த தோல் அவன் கழுத்தில் இன்னும் ஆறவில்லை.

பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரை எடுத்து வைத்திருக்கிறேன். பேசினும்.

ஆகஸ்ட் 16, புதன்

ஐந்து மணிக்கெல்லாம் கரைக்குப் போனேன். ஐஸ் பெட்டி ஏற்றுவதற்காக எல்லோரும் லாரிப் பக்கம் நின்றார்கள். நான் படகில் ஏறி, இன்ஜின் மேல் கிடந்த பலகையை எடுத்துவிட்டு, அடியில் பேசினை வைத்து, ஆயில் போல்ட்டைத் திருகினேன். போல்ட்டைக் கையால் சுற்றி எடுக்கும்போது மூன்று தடவை விரல் நழுவியது. நாலாவது தடவை கண்ணால் பார்த்துப் பார்த்துச் சுற்றி எடுத்துவிட்டேன். ஆயில் கொட்ட ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது கொர்னேல்.

"ஏய் தார்சிஸ்! என் படகுல என்ன வே செய்யுதீரு? இறங்கும் வே!"

"என் கை படப்பிடாதுன்னு மைக்குல வாசிச்சது யாரு?"

"நாந்தான் வாசிச்சேன்! இப்பவும் வாசிப்பேன்!"

"அப்ப என் ஆயில் மட்டும் உமக்கு என்னத்துக்கு? நான் ஊத்துனத நான் எடுத்துட்டுப் போறேன். ஒரு சொட்டு வைக்க மாட்டேன்."

எல்லோரும் ஓடி வந்தார்கள். கொர்னேலின் மூத்த மருமகன் என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் இன்ஜினைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எழுபத்தொரு வயதுக்காரனை அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அது அவனுடைய பலவீனம். அதற்குள் முக்கால்வாசி கொட்டிவிட்டது.

"திருநாளுக்கு மறுநாள் போற படகு வே" என்றான் கொர்னேல். "எம் பிள்ளை போற படகு. இப்படி வந்து வயித்தெரிச்சலக் கொட்டுதீரே, நீரு மனுசனா?"

"கொட்டினது ஆயில். வயித்தெரிச்சல் இன்னும் உள்ளதான் கெடக்கு."

"பெருசுக்கு மண்ட கலங்கிட்டு" என்றான் மருமகன்.

"கடை எட்டு மணிக்குத் தொறப்பான்" என்றேன். "சீல் உடைக்காத நாப்பது வாங்கிட்டு வந்து ஊத்தும். நாப்பது. முப்பது இல்ல, பத்து-முப்பது இல்ல. லேபிள்ல போட்டிருப்பான். நீருதான் நல்லா வாசிப்பீரே."

இத்தனை கூச்சலிலும் செலஸ்டின் பேசினுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு விரலை ஆயிலில் தோய்த்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை தேய்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமா…"

"கையத் தொடச்சுட்டு எந்திரிலே."

"கோவத்துல வந்தவிய பேசினும் கொண்டாந்தியளாக்கும்?"

"புதுப் பெயிண்ட் பாழாயிரும்லா."

கையை லுங்கியில் துடைத்தான். பேசினைத் தூக்கி என் கையில் கொடுத்தான். நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அவன் கையை விட்டான்.

பத்து மணிக்குப் படகு போயிற்று. சீல் உடைக்காத நாற்பதுதான் ஊற்றினார்கள். தூரத்தில் நின்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கமிட்டி கூப்பிட்டது. அடுத்தவன் படகில் அனுமதியில்லாமல் ஏறியது குற்றமாம். ஆம், ஏறினேன் என்றேன். ஏன் என்றார்கள். கொர்னேலைப் பிடிக்காது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். இனிமேல் நான் கரையிலேயே கால் வைக்கக் கூடாதாம். கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காற்று பலமாக இருந்தது. இரண்டு தடவை மாதா சுரூபம் வைத்த கெபி வரை நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். கெபி கரையில் சேராது, ரோட்டில் சேர்ந்தது.

பெர்பெத்து சாப்பாட்டுத் தட்டில் மீனை அவளே முள் எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 19, சனி

மூன்று மணிக்குப் படகு வந்துவிட்டது. நாலு பேரும் வந்துவிட்டார்கள். நல்ல பாடாம். ஊளிமீன் குவியலாகக் கிடக்கிறதாம்.

ஐந்து மணிக்கு செலஸ்டின் வந்தான். முன்வாசல் வழியாகத்தான் வந்தான். ஒரு ஊளிமீனை பெர்பெத்துவிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் வந்து நின்றான். இரண்டு கேனையும் பார்த்தான்.

"அங்க என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"யார்ட்ட?"

"அந்தப் பயலுவள்ட்ட. ஆயிலப் பத்தி."

"ஒண்ணும் சொல்லல. மாமா, கையக் காட்டுங்க."

"என்னத்துக்கு?"

"காட்டுங்களேன்."

அவனே பிடித்துத் திருப்பிப் பார்த்தான். கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. சிம்பு ஏறின இடம் கறுத்திருந்தது. அதை அமுக்கினான்.

"வலிக்கா?"

"எது?"

அமுக்கிய விரலை அவன் இன்னும் எடுக்கவில்லை என்று அப்போதுதான் பார்த்தேன்.

"மூணு பேரு மாமா" என்றான். "எங்கூட வந்த ஒருத்தனுக்குப் பிள்ள பிறந்து எட்டு நாளு. ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னு பேசிக்கிட்டே கெடந்தோம். பேசாம இருந்தா பயமா இருந்துது."

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மைக்கில் வாசித்ததைவிட அது மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பூசைக்குப் போகுமுன் எழுதுகிறேன். இனி நடக்க வேண்டியவையும் நடத்த வேண்டியவர்களும்:

கொர்னேல் கொரைரா: ஒரு மனிதனைக் கேட்காமல், இன்ஜினைத் திறக்காமல் தீர்ப்பு வாசித்தது தவறு என்று அதே மைக்கில், அதே சத்தத்தில் வாசிக்க வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன். ஆயிலைப் பற்றி அவன் எதுவும் வாசிக்க வேண்டாம்.

ஆயிலைப் பற்றி வாசிக்க வேண்டியது: நான். இன்றைக்கே. என்ன வாசிப்பேன் என்று யாரும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. மைக்கைத் தராவிட்டால் மைக் இல்லாமலும் எனக்குச் சத்தம் உண்டு.

ஹில்லாரி: நாளைக் காலை மோட்டாரைக் கொண்டுவந்து பத்து-முப்பது மாற்றிக்கொள்ள வேண்டும். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். பூக்கடை வைக்க வேண்டாம்.

வலை பொத்துகிற பயல்: செலஸ்டினுடைய இன்ஜின் மேல் கட்டின தார்ப்பாயை அவனே அவிழ்க்க வேண்டும்.

டவுன் மெக்கானிக்: வர வேண்டாம்.

பெர்பெத்து: இரண்டு கேனிலும் சிவப்பு பெயிண்டால் நம்பர் எழுத வேண்டும், பெரிதாக. திங்கள்கிழமை சர்க்கரை ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட வேண்டும். போக வேண்டியது நான்.

லேபிள்: இனி உரிக்கக் கூடாது. நான்.

செலஸ்டினுடைய இன்ஜின்: பிரித்து, பேரிங் மாற்றி, பூட்டிக் கொடுக்க வேண்டியது நான். எத்தனை நாள் ஆனாலும். போல்ட் நழுவினால் எடுத்துக் கொடுக்க வேண்டியது செலஸ்டின், சிரிக்கக் கூடாது.

கடைசியில் ஆயில் ஊற்றும் முன் விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டியது: செலஸ்டின்.